கராம்பு எண்ணெயும் ரோஸ் நிறக் கடற்பாசியும்

படம் கீறத் தெரிந்தால் போதும் என்று சொல்லி, ஏமாற்றித்தான் எங்களுக்கு உயிரியல் படிப்பித்தார்கள்.

முள்ளியவளையில் உயர்தர வகுப்பில் படித்தபோது எனக்கும் சிநேகிதி றிஸானாவுக்கும் ஒரே வெறி. கராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்று புத்தகத்தில் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் வைக்க வேண்டும். கிருமி வளர்க்க ஆசிரியர்களிடம் அகார் கேட்டோம்.

"படத்தைக் கீறிக்கொண்டு போங்கோ" என்றார்கள்.

அகார் என்றால் வேறொன்றுமில்லை... நோன்பு காலத்தில் றிஸானாவின் உம்மா இனிப்புச் செய்கிற அதே கடற்பாசி!

கிருமிக்குச் சாப்பாடாகக் கோழி சூப்பில் போட்டுக் காய்ச்சித் தரச் சொன்னோம். உம்மா பழக்கதோஷத்தில் சீனியும் போட்டு, ரோஸ் கலரும் விட்டுவிட்டா.

"உம்மா! இது கிருமிக்கு!"

"கிருமிக்கெண்டாலும் ருசியா இருக்க வேணாமா?"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அவித்தெடுத்த ஜாம் போத்தல் மூடிகளில் அதை ஊற்றி, இறுகியதும் கழுவாத விரலால் தொட்டோம். நடுவில் கராம்பு எண்ணெய் தோய்த்த பொட்டளவு கடதாசித் துண்டு. பல்ப் எரிகிற கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள், அந்தச் சூட்டில் மூடி வைத்தோம்.

இரண்டாம் நாள்... எங்கும் வெள்ளைப் புள்ளிகள். கடதாசியைச் சுற்றி மட்டும் ஒன்றுமில்லை. பளிச்சென்று ஒரு ரோஸ் வட்டம்!

நாங்கள் கத்திய கத்தில் கோழிகள் வேலி பாய்ந்தன.

கண்காட்சியில் நடுவர் எட்டிப் பார்த்தார்.

"தின்பண்டம் மேசையில வைக்கேலாது. எடுங்கோ."

"சேர், அந்த வட்டத்தை..." றிஸானா சொல்லி முடிக்கவில்லை, அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே கடையில் அச்சடித்த படம். முதல் பரிசும் அதற்குத்தான்.

போகட்டும். நாங்கள் பார்த்துவிட்டோம்!

இன்று வவுனியாவில் ஆய்வுகூட வேலை. அகார் ஊற்றிய தட்டுகள் ரெடிமேட்டாக வருகின்றன. தினமும் வட்டங்கள் அளக்கிறேன், ஒன்றுக்கும் கத்துவதில்லை. றிஸானா முல்லைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக இன்னும் கடற்பாசிதான் காய்ச்சுகிறாள். நினைத்தால் சிரிப்பு வருகிறது... பின்னாலேயே கோபமும்.

போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்குப் போனேன். வந்திருந்த கல்வி அதிகாரியிடம் நேரே கேட்டேன்.

"எங்கட காலத்தை விடுங்கோ சேர். இந்தப் பிள்ளையளுக்கு ஆய்வுகூடச் சாமான் எப்ப தருவியள்?"

அவர் தேநீர்க் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"சேர்... உங்களைத்தான் கேக்கிறன். எப்ப?"