வெள்ளி பூசிய கறுப்பு விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் தன் மனைவியைத் திட்டினார். பக்கத்தில் நின்ற நான் கைதட்டினேன். அவசரப்பட்டு எனக்குக் கண்டனக் கடிதம் எழுதிவிடாதீர்கள்... முழுசாகக் கேளுங்கள்.

அருள்ராஜ் எங்கள் குடும்ப நண்பர். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்து, ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். தமிழ் பேசினாலும் 'ஏன்' என்பதற்கு 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்று அந்த ஊர் உருதுதான் வாயில் வரும். மெட்டுகுடாவில் அவர் வீட்டு ஷோகேஸில் பீங்கான் பொம்மை எதுவும் இருக்காது. குட்டிக் குட்டி விமானங்கள்தான். எல்லாமே கறுப்பு!

இரண்டாம் உலகப் போரின்போது செய்தவை. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரியுடையதா என்று சிப்பாய்கள் சட்டென்று கண்டுபிடிக்க வேண்டுமே... அந்தப் பயிற்சிக்கு. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள்கூட மரத்தில் செதுக்கிக் கொடுத்தார்களாம். ஏன் கறுப்பு? வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும்போது நிறமா தெரியும்? உருவம் மட்டும்தான். அதில் தப்பு செய்தால் சொந்த ஆளையே சுட்டுவிடுவோம்.

அருள் வீட்டுக்குப் போனால் டீக்கு முன்னால் பரீட்சை வரும். ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே ஒரு நொடி பிடிப்பார். "நம்மாளா, எதிரியா?" நான் ஒரு தடவைகூட பாஸானதில்லை. எனக்கு எல்லாமே காக்கா.

மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக். கை, கால் தப்பித்தன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில்தான் வரவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஆப்பிள் படத்தையும் நாய் படத்தையும் காட்டினால், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும்க்கா" என்று அவர் மனைவி ஸ்டெல்லா போனில் அழுவாள்.

ஞாயிறு அருளின் பிறந்தநாள். குகட்பள்ளியிலிருந்து கேக்கோடு போயிருந்தேன். "அவருக்கு ஒரு சர்ப்ரைஸ்க்கா" என்று ஸ்டெல்லா ஒரு தட்டைத் தூக்கி வந்தாள். தட்டில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் ஒரு விமானம்!

அருள் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்த முதல் விமானம் அது. கறுப்பு மங்கி அழுது வடிகிறதே என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை ஆசையாசையாகப் பூசியிருக்கிறாள். சேகரிப்பவர்கள் இதில் தூசி துடைக்கவே பயப்படுவார்கள் — அந்தப் பழைய கறுப்பு போனால் எல்லாம் போச்சு.

அருள் பார்த்தார். முகம் சிவந்தது. உதடு துடித்தது. ஐயோ, பிரஷர்... தண்ணீர் எடுக்க ஓடப் பார்த்தேன்.

"ஸ்... ஸ்டெல்லா! கைக்கு... கைக்கு பெயிண்ட்டு? கறுப்பு! கறுப்பு!"

தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை திட்டுங்க!"

"நக்கோ... பைத்தியம்!"

அவள் அழுதாளா, சிரித்தாளா? இரண்டும்தான். நான் கைதட்டியது அப்போதுதான்.

நோயாளி என்றாலே நாம் குரலைத் தாழ்த்திக் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறோம். அந்த மனிதருக்கு எதைத் தொட்டால் கோபம் வரும் என்று யோசிக்கிறோமா? கோபம் வருகிற இடத்தில்தானே பிரியமும் இருக்கிறது!

இப்போது பயிற்சிப் பெண் படங்களைப் பைக்குள் வைத்துவிட்டு ஷோகேஸைத் திறந்துவிட்டாள். ஸ்பிட்ஃபயர் விமானத்தைக் காட்டினால் "ஸ்பிட்..." வந்துவிடுகிறது. "ஃபயர்" கொஞ்சம் லேட். வரட்டுமே, என்ன அவசரம்?

நேற்று மறுபடி போனேன். பெயிண்டைச் சுரண்டிவிடலாமா என்று கேட்டேன். அருள் வேண்டாமென்று தலையாட்டினார். அந்த வெள்ளி விமானத்தை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வெளிச்சத்தில் வெள்ளி காணாமல் போய், பழையபடி கறுப்பாகத் தெரிந்தது.

"நம்... நம்மாளா... எதிரியா?"

கேள்வி எனக்கு. பார்வை முழுக்க ஸ்டெல்லா மேல்.

"சந்தேகமென்ன? நம்மாளுதான்!" என்றேன்.

"ஹவ்" என்றார் அருள்.

முதல் தடவையாக... நான் பாஸ்!