விரல் நுனியில் தட்டிய நட்சத்திரம்

எனக்கு வயசு எழுபத்தி நாலு. பெத்தது மூணு, செத்துப்போன தங்கச்சியோடதையும் சேத்து வளத்தது அஞ்சு. பேய், பில்லி, சாமியாடறது எதையும் நம்புனவ இல்ல நான். நீ நம்புனா நம்பு, இல்லன்னா போ, நடந்தத சொல்றேன்.

எண்ணூர் ஆத்துல கழுத்தளவு தண்ணில உக்காந்து, பறியைப் பல்லுல கடிச்சுகினு வெறுங்கையால எறா புடிச்சவ நான். பறின்னா ஓலைக்கூடை. சேத்துக்குள்ள வெரல்ல ஒரு தபா தட்டுனா அது குப்பையாகூட இருக்கும். மறுபடி தட்டுனாதான் உசுரு.

என் பேத்தி கௌரி பாக்கற ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட அதேதான். மேல சுத்தற செயற்கைக்கோள்ல ஒரு கருவி கீதாம், நட்சத்திரம் வெடிச்சு கண்ணுக்குத் தெரியாத கதிரு வந்தா அது கோடு போட்டு அனுப்புமாம், அதை இவ கம்ப்யூட்டர்ல தேடுவா. ஒரு நட்சத்திரம் ஒரு தபா வெடிச்சதக் கண்டுபுடிச்சா. அவ ஆராய்ச்சிய மேப்பாக்கற மேடம் ஒத்துக்கல. ஒண்ண வெச்சு எதுவும் சொல்ல முடியாது, இந்த மாசத்துக்குள்ள மறுபடி வெடிக்கலன்னா வேற வேலையப் பாருன்னுட்டாங்க. மூணு வருச உழைப்பு. புள்ள சோறே துன்னல.

மாசக் கடைசி, சனிக்கிழம. ரெண்டு மணிக்கு கம்பெனி சங்கு ஊதி ஓஞ்சுது, நான் சட்டித் தண்ணில கைய வுட்டு நெத்திலி அலசிகினு கீறேன், வெரல் நுனில ஒரு தட்டு. அசல் எறா தட்டறாப்ல. மூணு தட்டு, கொஞ்சம் வுட்டு ரெண்டு.

"ஏ கௌரி, உன் நட்சத்திரம் வந்துட்ச்சுடி!" ஏன் அப்படிச் சொன்னேன், இன்னிக்கும் தெரியாது.

"இன்னா ஆயா, வெயில்ல மண்ட காஞ்சுட்ச்சா? அந்தக் கதிரு காத்தத் தாண்டி தரைக்கே வராது."

"வராததுதான் என் கையில தட்டுச்சா? எழுதி வெய்யி. ரெண்டு மணி. மூணு, அப்பால ரெண்டு."

சிரிச்சுகினே உள்ளங்கையில பேனாவால எழுதிக்கினா.

திங்கக்கிழம கோடு வந்துது. அதே நட்சத்திரம், அதே சனிக்கிழம ரெண்டு மணி, கோட்டுல மூணு மொன, அப்பால ரெண்டு. மேடம் போன்லயே கத்திப் பாராட்டுனாங்க. கௌரி மட்டும் என் கையப் புடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தா.

அதோட வுட்டிருந்தா சரி. போன வாரம் மறுபடி தட்டுச்சு, ஒம்போது தபா. கௌரி தேடுனா, ஒண்ணுமில்ல. அந்த நேரத்துல செயற்கைக்கோளு பூமிக்கு அந்தாண்ட இருந்துதாம், நட்சத்திரம் அதுக்கு மறஞ்சு போச்சாம். அப்போ அந்த ஒம்போதையும் எண்ணுனவ நான் ஒருத்திதான். வேற எங்கயும் அது பதிவாகல.

அதான் எழுத்துக் கூட்டி இத எழுதுனேன். கௌரி, இந்தா, ஒரு தபா படிச்சுக் காட்டு. ஒம்போதுன்னு சரியாப் போட்டுக்கீறனா பாரு.