மகளுக்குக் கடல் காட்டப்போய்…

என் ஊர் பதுளை. கொரோனாக் காலத்தில் தோழியின் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் வந்த இடத்தில் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கொழும்புத்துறையில் இருக்கும் தோழியின் அக்கா ரீற்றா, தன் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்தார். அவர் கணவர் அன்ரன் அண்ணை கடற்றொழில் செய்பவர். இருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் ஊரில் கணவரிடம் விட்டுவந்த நான்கு வயது மகளைப் பிரிந்து ஏழு வாரமாகியிருந்தது. அவள் தலை வாசனை நினைவில் வந்தாலே சாப்பாடு இறங்காது.

ஒரு மாலை வீடியோவில் அவள், "அம்மா, கடலைக் காட்டுங்க" என்றாள். வீட்டுக்குப் பின்னாலேயே கடல். கைபேசியில் அவள் முகத்தையே பார்த்தபடி முழங்காலளவு நீரில் நடந்தேன்.

"தங்கச்சி, அங்காலை போகாதேங்கோ, சேறு!" என்று அன்ரன் அண்ணை கத்துவதற்குள் இடுப்புவரை புதைந்துவிட்டேன். கைபேசி நீருக்குள் விழுந்தது. அண்ணை ஓடிவந்து, நீளத் தடியொன்றை நீட்டி என்னை இழுத்தெடுத்தார். கைபேசியையும் துழாவி எடுத்தார். அது அணைந்திருந்தது.

நான் விழுந்ததை மகள் பார்த்திருப்பாளே என்பது கரையேறிய பிறகுதான் உறைத்தது. கணவரை அழைக்கலாமென்றால் அவர் எண் எனக்கு மனப்பாடமில்லை.

"அழாதேங்கோ. சிம்மைத் துடைச்சு என்ரை போனிலை போடுவம்" என்றார் ரீற்றா அக்கா. போட்ட சில நிமிடங்களில் மணி அடித்தது.

"அம்மா, வந்துட்டீங்களா?"

"தண்ணியில இருந்து வந்துட்டேன் கண்ணு."

"அப்ப வீட்டுக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று வாரம் ஆனது.

இப்போது வீட்டார் எல்லோருடைய எண்ணும் எனக்கு மனப்பாடம். போனில் மகளின் குரல் கேட்டால், எங்கே நின்றாலும் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன்.