ஆறு காலிக் கட்டங்கள்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருபத்திரண்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். "பிள்ளைங்க எல்லாம் பாஸாகிப் போயிடுதுங்க. வருஷா வருஷம் எட்டாவதுலயே உக்காந்திருக்கறவ நான் ஒருத்திதான்டி" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மாலையில் தொண்டை கட்டிப்போய், தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் காட்டுவாள்.

பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைப் போடுவதும் அவள்தான். எந்த ஆசிரியர், எந்த வகுப்பு, எந்த பீரியட் என்று முட்டாமல் மோதாமல் கட்டங்களை நிரப்ப அவளை விட்டால் ஆள் கிடையாது. அதற்கான கிறுக்கல் எல்லாம் பழைய தாள்களின் முதுகில்தான். ஒரு பக்கம் காலியாக இருக்கும் தாள் அவள் கையில் தப்பித்ததே இல்லை. என் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூட வகுத்தல் கணக்கு இருக்கிறது.

நான் வீட்டு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கே அளவுகளைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டது. அக்காவைச் சொன்னேன். இன்ஜினியர் அவளோடு பேசிப் பார்த்தார். "ராஜினாமாவைக் கொடுத்துட்டு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வரச் சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்பத்தேழு வயதில் புதுசாகப் பென்சில் டப்பா வாங்கினாள்.

கடிதத்தை நானே டைப் செய்து கொடுத்தேன். அட்டவணையை ஒட்டுவதற்கு முன்னால் அதைக் கொடுத்தாக வேண்டும். ஒட்டிவிட்டால் அந்த வருஷம் முழுக்க யாரையும் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கையெழுத்துப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

நாலரைக்கு அவளை அழைத்துப் போகப் போனேன். ஆசிரியர் அறையில் தனியாக, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொடுத்தாச்சாக்கா?"

"கையில எடுத்துட்டுத்தான் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஹெட்மாஸ்டர், அட்டவணையை முடிச்சுட்டு வாங்க டீச்சர்னுட்டார். நான் இல்லாமப் போட்டுடலாம்னு பார்த்தா, எட்டாவது பி-க்கு ஆறு கட்டம் காலியா நிக்குது. அறிவியல் சாரை வச்சா ஒன்பதாவது முட்டுது."

"முட்டட்டும்! எக்கேடோ கெட்டுப் போகட்டும், நீ எழுந்திரு."

"இருடி, ரெண்டே நிமிஷம்."

நாலு ஐம்பதுக்கு இன்ஜினியர் போன் செய்தார். வராந்தாவுக்குப் போய் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுத் திரும்பினேன். அக்கா முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு இடத்துலகூட முட்டல பாரு!"

ஆறு கட்டத்திலும் தன்னையே போட்டிருந்தாள். யாருமே எடுக்க மாட்டேன் என்கிற வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் உட்பட.

"நீ எதுக்குக்கா இதுல இருக்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம் டீச்சர்! இப்போதைக்கு இதையே ஒட்டிடறேன்."

கட்டங்களுக்கு ஊடே, மறுபக்கத்தில், நான் டைப் செய்த வரிகள் தெரிந்தன. கீழே அக்காவின் கையெழுத்து. அக்காவும் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறிப்போனது. அவர் கட்டங்களை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. சுவரில் இருந்த பலகையில் பசையைத் தடவினார். தாளை வைத்து உள்ளங்கையால் தேய்த்தார்.

"சொல்லுக்கா," என்று அவள் கையைக் கிள்ளினேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் போன் மறுபடி அடித்தது.

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"மேல் மூலை தூக்கிட்டு நிக்குது சார். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

அவர் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினார்.