செல்வமலர் கேட்ட கதிரை

செல்வமலருக்கு உரோமப் படையைப் பற்றித் தெரியாதது மிகக் குறைவு. அவருக்கு அது தெரியும் என்ற சங்கதிதான் மொன்றியலில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவர் ஓர் அருங்காட்சியகத்தில் காவல் வேலை செய்பவர். கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் கோட்டு, இடுப்புப் பட்டியில் கொளுவிய வோக்கிடோக்கி, சொந்தக் காசில் வாங்கிய கறுப்புச் சப்பாத்து. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். வருகிறவர்கள் எதையும் தொடக்கூடாது, செல்வமலர் உட்காரக்கூடாது. அந்த மண்டபத்துக்கு இருந்த சட்டம் இந்த இரண்டும்தான்.

"சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம் தாறாங்கள், உமக்கென்ன குறை?" என்பார் கணவர் தியாகலிங்கம். ரொக்ஸ்பரோ வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு இதைச் சொல்வது மிகச் சுலபம். சும்மா நிற்பது என்றால் என்னவென்று ஒரு நாள் அவர் நின்று பார்த்திருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் கால் நம்முடையது. அதற்குப் பிறகு அது யாரோ தந்துவிட்டுப் போன பொதி மாதிரி ஆகிவிடும். இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்துகொண்டு நிற்க வேண்டும்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இருந்தபோது, புவியியல் படிப்பித்த ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போய்விட்டார். அந்தரித்து நின்ற பிள்ளைகளை அதிபர் கிரேக்க உரோம நாகரிகம் என்ற பாடத்துக்குள் தள்ளிவிட்டார். இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம் அது. வெளியே சந்திக்குச் சந்தி உண்மையான துவக்குகளோடு ஆட்கள் நிற்க, செல்வமலர் உள்ளே இருந்து உரோம வீரனின் எறியீட்டி எத்தனை அடி என்று பாடமாக்கினார். எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், ஒரு கோவேறு கழுதை, மாவரைக்க ஒரு திரிகை. பத்துக் கூடாரம் சேர்ந்தால் நூற்றுவர் அணி. பெயரில்தான் நூறு; தலையை எண்ணினால் எண்பது. சோதனையில் அந்தப் பாடத்துக்கு 'ஏ' கிடைத்தது. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இடம்பெயர்வு கிடைத்தது, கலியாணம் கிடைத்தது, தொண்ணூற்றேழில் கனடா கிடைத்தது. அந்த 'ஏ'யை வைத்துக்கொண்டு சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் பதினொரு வருடம் காற்சட்டைகளுக்குச் சிப் தைத்தார். தொழிற்சாலை மூடியதும் கார்டெறி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் நாலு வருடம் பிள்ளைகளின் கோப்பை கழுவினார். அதன் பிறகுதான் இந்தக் காவல் வேலை.

இரண்டு வருடமாகக் குதிக்கால் நோ. காலையில் கட்டிலை விட்டு வைக்கும் முதல் அடியிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். குதிக்காலில் வீக்கம், நிற்கக்கூடாது என்று வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்தார். செல்வமலர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தவர்தான், இன்னும் வெளியே எடுக்கவில்லை. கொடுத்தால் தன்னை வேலைக்கு வைத்திருக்கும் காவல் நிறுவனம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அப்படிக் கடிதம் கொடுத்தவர்களையெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு கார்த் தரிப்பிடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே உட்காரக் கதிரை உண்டு. ரொக்ஸ்பரோவில் இருந்து போய்வர மட்டும் ஒரு நாளில் நாலு மணி நேரம் வேண்டும்.

இந்த இலையுதிர் காலத்தில்தான் உரோமப் படைக் கண்காட்சி வந்து சேர்ந்தது. முதல் நாள் காலை மண்டபத்துக்குள் நுழைந்த செல்வமலர் அப்படியே நின்றுவிட்டார். கன்னத் தகடு வைத்த தலைக்கவசம், இரும்பு வளையம் கோத்த சட்டை, குட்டை வாள், கூடாரத் தோல், முளை, திரிகைக் கல். ஊர்ச் சந்தையில் பார்த்த ஆளை விமான நிலையத்தில் கண்ட மாதிரி இருந்தது. படமே இல்லாத புத்தகத்தில் படித்ததை முப்பத்தேழு வருடம் கழித்து நேரில் பார்க்கிறார். சந்தோசமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அடுத்த மண்டபம் கிரேக்கர்களுடையது. அங்கே நிற்பவர் அக்னெஸ், மன்னார்க்காரி, அறுபத்தொரு வயது. கணவர் வின்சன்ட் பாரிசவாதத்தில் படுத்ததிலிருந்து, பகலில் இந்த வேலையும் மாலையில் முதியோர் இல்லத்தில் இன்னொரு வேலையுமாக ஓடிக்கொண்டிருந்தார். ஆள் வராத நேரங்களில் இருவரும் இடைவாசலில் நின்று கதைப்பார்கள். கேடயங்களோடு வரிசையாக நிற்கும் வீரர்களை வரைந்த சாடி ஒன்று அக்னெஸின் பக்கம் இருந்தது.

"உந்தக் கேடயம் அவன்ர பாதி உடம்பைத்தான் மறைக்கும் அக்கா. மற்றப் பாதி இடது பக்கம் நிக்கிறவனுக்கு" என்று விளக்கினார் செல்வமலர்.

"அப்ப வலது பக்கக் கரையில நிக்கிறவனுக்கு ஆர் பிடிக்கிறது?"

"ஒருத்தருமில்லை. அவன்ர பாடு கஷ்டம்தான்."

உரோம மண்டபத்தில் வெண்கலத் தகடு பதித்த ஓர் இடுப்புப் பட்டி இருந்தது. அதன் கீழே இருந்த குறிப்பை வாசித்த அன்று செல்வமலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தவறு செய்த நூற்றுவர் தலைவனைப் பட்டியில்லாமல், தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் நாள் முழுவதும் நிற்க வைப்பார்களாம். அது தண்டனையாம். புத்தகத்தில் இது இருக்கவில்லை. இருந்திருந்தாலும் பதினெட்டு வயதில் விளங்கியிராது.

அக்னெஸைக் கூட்டிவந்து மொழிபெயர்த்துச் சொன்னார். அக்னெஸ் தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பட்டியை மட்டும் விட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றார்.

கதிரை கேட்டுப் பார்க்காமலும் இல்லை. இவர்களுடைய சுப்பவைசர் நிஷான், மொன்றியலிலேயே பிறந்த முப்பத்தொரு வயதுத் தமிழ்ப் பிள்ளை. நல்லவன்தான். பன்னிரண்டு பேர் என்று தாளில் இருக்கும் அணியை எட்டுப் பேரை வைத்து நடத்திக்கொண்டிருந்தான். அந்த எட்டுப் பேருக்கும் சாப்பாடு சூடாக்க ஒரே ஒரு மைக்ரோவேவ். உரோமர்களின் திரிகைக் கணக்கு அப்படியே இருக்கிறது என்று செல்வமலர் நினைத்துக்கொள்வார். அக்னெஸின் மகள் றெபேக்கா தேடிப் பார்த்ததில், வேலையின் தன்மை இடங்கொடுத்தால் கதிரை கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது.

"வேலையின்ர தன்மை இடங்குடுக்காது எண்டு கொம்பனி சொல்லுது அன்ரி. நான் என்ன செய்யிறது?" என்றான் நிஷான். வேலையின் தன்மை பார்த்துக்கொண்டிருப்பது. அதற்குக் கண் போதாதா, கால் எதற்கு என்று செல்வமலருக்குக் கோபம் வந்தது. களைத்தவர்களின் கோபம் அதிக நேரம் நிற்பதில்லை, அதுவும் போய்விட்டது.

கதிரை வந்தது வேறு வழியாக. ஒரு செவ்வாய்க்கிழமை சின்னப் பெண் ஒருத்தி, பெட்டிக்குள் இருந்த செருப்பின் அடியில் ஏன் ஆணி என்று தாயிடம் கேட்டாள். அழகுக்கு என்றாள் தாய். செல்வமலரால் பொறுக்க முடியவில்லை. விளக்கம் சொல்வது காவலாளியின் வேலை அல்ல என்பதை மறந்து, தன் உடைந்த பிரெஞ்சில், அடித்தோல் தேயாமல் இருக்கவும் சேற்றில் வழுக்காமல் இருக்கவும்தான் ஆணி என்றார். அந்தச் செருப்போடு ஒரு நாளில் இருபது மைல் நடந்தார்கள் என்றார். அத்தோடு விட்டாரா? முதுகில் என்னென்ன சுமந்தார்கள் என்று தொடங்கி, கூடாரம், கழுதை, எண்பது பேர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது பின்னால் கண்காட்சிக்குப் பொறுப்பான பெண்மணி நின்றுகொண்டிருந்தார்.

எங்கே படித்தீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். யாழ்ப்பாணத்தில், தமிழில் என்றார் செல்வமலர். அந்த அம்மாவுக்கு வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமென்றால் கேளுங்கள் என்றார். புத்தகம் கேட்பார், சலுகைச் சீட்டுக் கேட்பார் என்று நினைத்திருக்கக்கூடும்.

"ஒரு கதிரை" என்றார் செல்வமலர்.

மறுநாள் இரண்டு மண்டபங்களுக்கும் இடையிலான வாசலில் ஒரு மரக்கதிரை இருந்தது. அந்தப் பெண்மணியே தன் அலுவலகத்திலிருந்து அனுப்பியது. காவல் நிறுவனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு மாதம் பார்ப்போம் என்றது. யாராவது நித்திரை கொண்டால் கதிரை போய்விடும் என்று நிஷான் இரண்டு பேரிடமும் இரண்டு தரம் சொன்னான். மணிக்கு மணி மாறி இருப்பது என்று முடிவாயிற்று. முதல் முறை உட்கார்ந்தபோது செல்வமலருக்குக் குதிக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரு சூடு ஏறியது. அன்று மாலை ரயிலில் இருக்கை கிடைக்காமல் நின்று வந்தபோதும் கால் நோகவில்லை.

"கவனம் அக்கா. உரோமில காவலுக்கு நிண்டவன் நித்திரை கொண்டா, சுற்றி வாற அதிகாரி கூட வாறவையைச் சாட்சிக்கு வைச்சுத்தான் அறிக்கை குடுப்பான். விடிய, சேர்ந்து நிண்டவங்களே தடியால அடிப்பாங்கள். தப்பினாலும் ஊருக்குப் போகேலாது, வீட்டில சேர்க்க மாட்டினம்" என்று செல்வமலர் பகிடியாகச் சொல்லி வைத்தார்.

"சும்மா வெருட்டாதையும்" என்றார் அக்னெஸ்.

கதிரை வந்த பதினாறாம் நாள், வியாழன் பிற்பகல் மூன்று மணி. ஒரு சனமும் இல்லை. அக்னெஸின் முறை. முந்தின இரவு வின்சன்டுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் விடிய விடிய இருந்துவிட்டு நேரே வேலைக்கு வந்திருந்தார். செபமாலையைக் கையில் எடுத்தவர், அதன் மூன்றாவது மணியைத் தாண்டியிருக்க மாட்டார். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் திறந்துவிட்டது.

செல்வமலர் கண்டார். போய் எழுப்ப ஆறு அடி வைத்தால் போதும். அந்த முகத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கிடக்கட்டும், பாவம், என்று நினைத்தார். ஐந்து பதினைந்தாயிற்று.

நிஷான் பின்வாசலால் வந்தான். கூட, காவல் நிறுவனத்தின் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த ஒருவரும். அந்த ஆள் கைத்தொலைபேசியில் அக்னெஸைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கிளிக் சத்தத்துக்குக்கூட அக்னெஸ் அசையவில்லை. நிஷான் செல்வமலரை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினான்.

"அன்ரி, நீங்கள் கண்டது எண்டு ஒரு சைன் வைச்சாப் போதும். அது அவவின்ர தனிப் பிழை எண்டு போயிடும். கதிரை உங்களுக்கு இருக்கும், நான் கதைச்சிட்டன்."

"அவவுக்கு என்ன நடக்கும்?"

நிஷான் தரையைப் பார்த்தான். "வேலையால நிப்பாட்டுவினம்."

"சைன் வைக்காட்டி?"

"நாங்கள் கண்டதையும் படத்தையும் மட்டும் வைச்சு நிப்பாட்டேலாது, கூட வேலை செய்யிற ஆள் சாட்சி சொல்லாட்டி யூனியன் விடாது. ஆனா கதிரை போயிடும். நான் உங்களுக்காகத்தான் சொல்லுறன் அன்ரி. உங்கட காலை நான் பாக்கிறன்தானே."

அவன் பொய் சொல்லவில்லை. செல்வமலர் அந்தக் கதிரையைப் பார்த்தார். அதில் இன்னும் அக்னெஸ் இருந்தார். குதிக்கால் நொந்தது. கையெழுத்து வைக்க மனம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு கணம் பேனையைப் பிடித்தார். மணிக்கு மணி மாறத் தேவையில்லை, நாள் முழுவதும் தனக்கே என்றுகூட ஒரு எண்ணம் வந்து போயிற்று. வந்ததற்காகத் தன் மீதே அருவருப்பும் வந்தது.

"அவ நித்திரை கொள்ளேல்லைத் தம்பி. கண்ணை மூடிச் செபமாலை சொன்னவ. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"அன்ரி, படத்தில வாய் ஆவெண்டு திறந்திருக்கு."

"வாய் திறக்காமல் எப்பிடிச் செபம் சொல்லுறது?"

நிஷானுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகை மாதிரி ஏதோ ஒன்றும் வந்தது. "நீங்கள் சைவச் சமயம்தானே அன்ரி" என்றான். ஓம் என்றார் செல்வமலர். அவன் படிவத்தில் அவர் சொன்னதையே எழுதிக்கொண்டான். பிறகு போய் அக்னெஸின் தோளை மெல்லத் தொட்டு எழுப்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

அக்னெஸுக்கு நடந்ததெல்லாம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. "ஏன் மலர் என்னை எழுப்பேல்லை?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

"நல்ல நித்திரை அக்கா. மனம் வரேல்லை."

"உம்மட கால்?"

செல்வமலர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அக்னெஸ் தன் மண்டபத்துக்குப் போகாமல் கதிரை இருந்த இடத்தில், செல்வமலருக்கு இடது பக்கத்தில் வந்து நின்றார். எதிரே இடுப்புப் பட்டி இருந்த பெட்டி. அக்னெஸ் அதைக் கண்ணால் காட்டினார்.

"மலர், அந்த உரோமக்காரனை எவ்வளவு காலம் அப்பிடி நிக்க வைக்கிறவங்கள்?"

"ஒரு நாள் அக்கா. பொழுது படுகிற மட்டும்."

"ஒரு நாள்தானோ?" என்றார் அக்னெஸ்.

செல்வமலருக்குச் சிரிப்பு வந்தது. அக்னெஸுக்கும் வந்தது. அடக்க அடக்க வந்துகொண்டே இருந்தது. வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டதும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மண்டபத்துக்குப் போய் நிமிர்ந்து நின்றார்கள்.