பூசை நாளன்று யாரும் சுடுவதில்லை

செம்பூர்க் கூட்டத்தில் நான் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு தோல் பைதான் காரணம். தாராவியில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஒரு பெண் வந்து, பகடைகள் போட்டு வைக்கச் சுருக்குப் பை கேட்டாள். அளவு பார்ப்பதற்காக அவற்றை மேசைமேல் கொட்டினாள். இருபது முகம் கொண்ட ஒன்று உருண்டு வந்து என் கத்தியருகே நின்றது.

"இது கதை சொல்லி விளையாடறதுக்குத்தானே?" என்று கேட்டுவிட்டேன். வாடிக்கையாளரிடம் நானாக வாய் திறப்பது அபூர்வம். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

"அரே, அங்கிள்! உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியும். வயசுப் பையனாக இருந்தபோது பக்கத்து லேபர் கேம்ப் குடியிருப்பில் நானும் ஒரு நண்பனும் ஒரே அறையில் இருந்தோம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்து அதில் புரிந்தது கொஞ்சம். ஒருவர் ஒரு உலகத்தைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் அதில் ஒரு ஆளாக இருந்து என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எங்களுக்கு அது போதும்.

உலகத்தை நாங்களே உண்டாக்கினோம். நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல்கள் போகும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு அம்மன் இருப்பாள். அதற்கு எண்ணெயும் விட வேண்டும், எலுமிச்சையும் சுற்றிப்போட வேண்டும். லூடோ பகடை இரண்டை உருட்டி, ஏழோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும். பல வருஷம் அப்படி ஓடியது. பிறகு அவன் தூத்துக்குடிப் பக்கம் பெண் எடுத்து, அங்கேயே கடை போட்டுவிட்டான். நான் அதே அறையில் இருக்கிறேன். சமைக்கும்போது சில நேரம் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று யோசிப்பேன். சொல்வதற்கு ஆள் கிடையாது.

இதில் கொஞ்சத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பையை வாங்க வந்த அன்று அவள் சொன்னாள்: "சண்டே செம்பூர்ல எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி ஹாலுக்கு வாங்க அங்கிள். உங்க உலகத்த எங்களுக்கு கேமா ஓட்டுங்க. ஆனா எங்க சிஸ்டம்லதான். ஒரு வாட்டி பாப்போம். எல்லாருக்கும் பிடிச்சா கன்டினியூ, இல்லேன்னா எங்க பழைய கதைக்கே போயிருவோம்."

ஒரு ஞாயிறுதான் எனக்குக் கிடைத்தது. அது சரியாக வரவில்லை என்றால் அந்த உலகம் மறுபடி என் தலைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

அவர்களுடைய விதிப் புத்தகம் பெரிது. அவள் மொபைலில் அனுப்பியதைச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். அதில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பலத்துக்கு எண், பயத்துக்கு எண், சாவதற்கு முன் எத்தனை அடி தாங்கலாம் என்பதற்கும் எண். இயந்திரத்துக்குத் தனி அத்தியாயம், மந்திரத்துக்குத் தனி அத்தியாயம். எங்கள் எஞ்சினை எதில் சேர்ப்பது? இயந்திரம் என்று எழுதினால் அம்மன் போய்விடுவாள். மந்திரம் என்று எழுதினால் யாரும் எண்ணெய் விட மாட்டார்கள். கடைசியில் இயந்திரத்தில் சேர்த்து, அம்மனை ஒரே வரியில் அடியில் போட்டேன். அது மனசுக்கு ஒப்பவில்லை.

கதையைக் கப்பலில் பூசை நாளன்று ஆரம்பிக்கலாம் என்று வைத்தேன். எங்கள் பட்டறையில் ஆயுத பூசைக்குக் கத்தி, கத்தரி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தால், மறுநாள் காலை வரை யாரும் அதைத் தொடுவதில்லை. எங்கள் கப்பல்களிலும் அப்படித்தான். அன்றைக்கு எதிரிக் கப்பல்காரன் தனியாக வருவான், பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்பான், பேசுவான், போய்விடுவான். நாங்கள் விளையாடியதிலேயே நல்ல பேச்சுகள் எல்லாம் அன்றைக்குத்தான் நடந்தன. சுடலாமா என்ற கேள்வியே எங்கள் இருவருக்கும் வந்ததில்லை.

ஹாலில் அந்தப் பெண்ணோடு இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள், ஒருவன் மராட்டிக்காரன். சொல்ல ஆரம்பித்தேன். துப்பாக்கிகள் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருக்கின்றன. எதிரித் தலைவன் கையில் ஒன்றும் இல்லாமல் உள்ளே வருகிறான். உட்கார்ந்து பொரியில் கை வைக்கிறான்.

"துப்பாக்கி அங்கயேதான இருக்கு?" என்றாள் அந்தப் பெண். "நான் ஒண்ண எடுக்கறேன். சுடறேன்."

"மார் டால்! சான்ஸ் மத் சோட்!" என்று மராட்டிப் பையன், கொன்றுவிடு, வாய்ப்பை விடாதே என்று இந்தியில் கத்தி மேசையைத் தட்டினான்.

நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் புரட்டினேன்.

"என்ன அங்கிள்? ரூல் ஏதாவது இருக்கா, சுடக் கூடாதுன்னு?"

அவர்கள் விதிகளுக்குப் பெயர்த்து எழுதியதில் நான் அதை எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மூன்று முகங்களும் அவ்வளவு ஆசையாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்ல," என்றேன். "உருட்டு."

பதினெட்டு விழுந்தது. அவன் பொரிமேல் சாய்ந்து செத்தான். கப்பலைக் கிளப்ப எஞ்சினுக்கும் உருட்டினார்கள். புத்தகத்தில் உள்ளபடி அது உடனே கிளம்பியது. அவர்கள் கைதட்டினார்கள்.

"செம்ம அங்கிள்! நெக்ஸ்ட் சண்டே கண்டிப்பா வரணும்," என்றாள் அவள்.

ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தூத்துக்குடிக்குப் போன் செய்தேன்.

"என்ன டே, அதிசயமா போன் அடிக்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. இங்க சில பிள்ளைகளுக்கு நம்ம உலகத்தச் சொல்லிக்குடுத்தேன். பூசை அன்னைக்குச் சுட்டுட்டாவ டே."

"எந்தப் பூசை?"

"நம்ம கப்பல்ல. அன்னைக்கு யாரும் சுட மாட்டாவல்லா?"

அவன் சிரித்தான். "அப்படி ஒண்ணு வச்சிருந்தமா? எனக்கு அந்த எஞ்சின் அம்மன் மட்டுந்தான் டே நெனப்பு இருக்கு. சரி, கடையில ஆள் நிக்கு, பெறவு பேசட்டா?"

வைத்துவிட்டான். அவன் சொன்னது சரிதான். அப்படி ஒன்றை நாங்கள் வைக்கவில்லை. அது தானாகவே இருந்தது.

அந்த வாரம் புது விதிகளில் ஒரு வரி சேர்த்தேன்: பூசை நாளில் சுட்டால், மறுநாள் வரை எஞ்சின் கிளம்பத் தேவையான எண் ஐந்து கூடும். அதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். "சூப்பர் அங்கிள், இது ஃபேர்" என்று உடனே பதில் வந்தது. சுட்டாலும் கூடுவது ஐந்துதானே, சில நேரம் உருட்டிச் சமாளித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள்.