கயிற்றின் மறுமுனை

எங்கள் படகுத்துறைக் கொட்டகையில் நன்கியாவின் படம் தொங்குகிறது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நானும் இந்தச் சதுப்பில் துடுப்பு போடுகிறவன்தான்; நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

நன்கியா மம்பா குலத்துப் பெண். மம்பா என்பது சேற்றுக்குள் கிடக்கிற மீன், விலாங்குபோல நீளமாக இருக்கும். அந்தக் குலத்தார் அதைத் தின்ன மாட்டார்கள், துன்புறுத்த மாட்டார்கள், கூடப்பிறந்தவன் என்பார்கள். அவளுடைய அப்பா வலையில் மம்பா விழுந்தால் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கித் தண்ணீரில் விடுவார். அதே மனுஷர் புல்வே கண்ணில் பட்டால் படகைத் திருப்பிவிடுவார். புல்வே என்றால் நம் இடுப்புக்கு மேல் உயரமாக நிற்கிற சாம்பல் பறவை; மரச்செருப்பைக் கவிழ்த்துவைத்த மாதிரி அலகு. அதைப் பார்த்தால் அன்றைக்கு மீன் விழாது என்று எங்கள் மீனவர்களுக்குப் பயம். இப்போது அந்தத் தரித்திரப் பறவையைப் படம் எடுக்கத்தான் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிறார்கள். அப்பா போனபின் நன்கியா அவர் படகில் கேமராக்காரர்களை ஏற்றினாள். புருஷன் விட்டுவிட்டுப் போன வீடு. அவளுடைய இரண்டு பெண்களையும் வளர்த்தது அந்தப் படகுதான்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு ரூத்கர் என்று ஒருவர் வந்தார். புல்வே மீன் பிடிக்கிற படம் வேண்டுமாம். புல்வேயோ அசையாமல் நிற்பதிலேயே பொழுதைக் கழிக்கிற ஜாதி. தினமும் நன்கியாவின் படகில் போய், வெறுங்கையோடு திரும்பி, சிடுசிடுத்தார். படகுக்காரர்களின் தலைவன் செம்பத்யா ஒருநாள் காலையில் அவள் படகில் ஒரு வாளியை வைத்தான்.

"இதென்ன தலைவரே?"

"மம்பா. உயிரோட இருக்கு. வாயில நைலான் கயிறு கோத்திருக்கேன். புல்வே முன்னால விட்டுட்டுப் படகுலேருந்து சுண்டிச் சுண்டி இழு. அது கொத்தும், அவரு எடுத்துக்குவாரு."

"யார்கிட்ட சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஏம்மா, புல்வே தெனமும் உன் தம்பியத்தானே முழுங்குது? அப்பல்லாம் ஒப்பாரி வச்சியா?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அது பசிக்குத் திங்குது. உங்களுக்கு என்ன பசி? எடுங்க வாளிய."

எடுத்தான். ரூத்கரையும் தன் படகில் ஏற்றிக்கொண்டான். மனசு கேளாமல் நன்கியா காலிப் படகோடு பின்னால் போனாள். என் படகும் பக்கத்தில்தான் போனது.

புல்வே கொத்தத்தான் செய்தது. மீன் பாதி உள்ளே போனதும் கயிறு அதன் தொண்டையில் சிக்கியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு சேற்றில் புரண்டது. செம்பத்யா பயந்துபோய்க் கயிற்றை இன்னும் இழுத்தான். அந்த மனிதர் கேமராவைக் கீழே இறக்கவே இல்லை. ஒரு உயிர் மூச்சு முட்டிச் சாகிறது, இவருக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்! அவர் அதைச் சொன்னது என் காதில் விழுந்தது.

நன்கியாதான் கத்தியோடு தண்ணீரில் குதித்தாள். மார்பளவு சேறு. அப்பா பயந்த அந்த அலகை ஒரு கையால் பிடித்தாள்; அது அவள் முழங்கையைக் கிழித்தது. கயிற்றை அறுத்து, மீனை வெளியே இழுத்துப் போட்டாள். புல்வே தள்ளாடிப் பறந்துபோனது. மம்பா செத்துவிட்டது. அவள் அதைக் கரைக்குக் கொண்டுவந்து பப்பைரஸ் கோரையில் சுற்றிப் புதைத்தாள்.

சில மாதம் கழித்து ரூத்கர் செம்பத்யாவுக்கு அந்தப் படத்தைப் பரிசாக அனுப்பினார். பறவையின் அலகைப் பிடித்தபடி, கத்தியும் கயிறுமாக நன்கியா. கீழே 'அரிய பறவையைப் பிடிக்கும் கள்ளவேட்டைக்காரி' என்று அச்சடித்திருந்தது. கொஞ்சமும் கூசாமல் செம்பத்யா அதைக் கொட்டகையில் மாட்டினான். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு அவள் படகில் ஏற மறுத்தார்கள். ஆள் ஏற்றுவதில் அவளுக்கு இருந்த முறையையும் அவன் பிடுங்கிக்கொண்டான். எல்லாம் தெரிந்த நாங்கள் எல்லாரும் வாயில் கொழுக்கட்டையோடு நின்றோம். சீ!

கடைசியில் கொட்டகையில் கூட்டம் போட்டு அவளைக் கூப்பிட்டான். "எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுட்டு உன் முறைய வாங்கிக்க. உனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவள் நேராகப் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். முழங்கைத் தழும்பு தெரிந்தது. படத்தில் இருந்த கயிற்றின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க போவுது?"

கயிறு படத்தின் ஓரம்வரை போய், அங்கே நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் செம்பத்யாவின் படகு மூக்கும் அவன் கையும் இருந்திருக்க வேண்டும். ரூத்கர் அதைக் கச்சிதமாக வெட்டிவிட்டிருந்தார்.

நன்கியா விரலை எடுக்கவில்லை. சட்டத்தைத் தாண்டி, சுவரோடு மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து வழிவிட்டார்கள். சுவர் முடிந்த இடத்தில் செம்பத்யா உட்கார்ந்திருந்தான். விரல் அவன் நெஞ்சில் வந்து நின்றது.

"மன்னிப்ப இங்கேருந்து கேக்கச் சொல்லுங்க" என்றாள், எங்களைப் பார்த்து.